மஞ்சப்பூ குடைச்செடி வேலிய தாண்டி வந்து நிக்குதா? என்ன செடின்னு கண்டுபிடிக்கற வழி

வெயில் ஏற ஆரம்பிச்சா போதும், எனக்கு போட்டோ வர ஆரம்பிச்சுடும். ரோட்டோரம், ரயில் பாதை ஓரம், காலி மனை, யாரோட தோட்டத்து வேலிக்கோ வெளிப்பக்கம், எங்கயோ ஆளுயரத்துக்கு ஒரு செடி நிக்கும், மேல மஞ்சளா குடை குடையா பூ, கூடவே ஒரு கேள்வி: "இது என்ன செடிங்க, சாப்பிடலாமா?" போட்டோவுல பூ மட்டும்தான் இருக்கும், அதுவும் மேல இருந்து எடுத்தது. அத வெச்சு ஒன்னும் சொல்ல முடியாது, ஏன்னா இந்த குடும்பத்துல மஞ்சளா பூக்கற எல்லாமே மேல இருந்து பார்த்தா ஒரே மாதிரிதான் இருக்கும். ஒவ்வொருத்தருக்கா அதே பதில டைப் பண்ணிட்டு இருக்கறதுக்கு பதிலா மொத்தமா ஒரு தடவ எழுதி வெச்சுடறேன்.

குடைச்செடின்னு நான் சொல்றது கொத்தமல்லி, கேரட், சீரகம், ஓமம் இதெல்லாம் இருக்கற குடும்பம். இந்த நாலுமே பூத்தா வெள்ளை, இல்லன்னா லேசா ரோஸ். மஞ்சளா பூக்கறது இந்த குடும்பத்துல கம்மி, அதனால மஞ்சள்னு உறுதியாயிட்டாலே வேலை பாதி முடிஞ்ச மாதிரி. தோட்டத்துல ஆசையா நட்டு அங்கேருந்து விதை சிதறி வெளிய போயிடற மஞ்சப்பூ செடிங்கன்னா சோம்பு, சதகுப்பை, பார்ஸ்னிப், லோவேஜ், பார்ஸ்லி, அலெக்சாண்டர்ஸ், ஜயன்ட் ஃபெனல், பூப்ளூரம். உங்க செடி அனேகமா இந்த எட்டுல ஒன்னு.

பேர் விஷயத்துல ஒன்னு சொல்லிடறேன், இதுலயே நிறைய பேர் குழம்பறாங்க. சோம்பு, பெருஞ்சீரகம் ரெண்டும் நான் இங்க ஒரே செடிக்குதான் சொல்றேன், அதாவது ஃபெனல். ஆனிஸ்னு இன்னொரு செடி இருக்கு, அதையும் சில பேர் சோம்புன்னுதான் சொல்வாங்க, அதோட பூ வெள்ளை, அது இந்த கணக்குல வராது.

## தொடறதுக்கு முன்னாடி

கையில உறை போட்டுக்கோங்க, முழுக்கை சட்டை போடுங்க. இந்த எட்டுல ஒன்னோட சாறு கையில பட்டு அதுமேல வெயிலும் பட்டா தோல் வெந்துடும், அத பத்தி கீழ தனியா எழுதியிருக்கேன்.

அடுத்தது, இலைய கசக்கறதுக்கு முன்னாடி தண்ட பாருங்க. அடியிலேருந்து மேல வரைக்கும். வழவழன்னு மயிர் இல்லாம இருக்கற தண்டுல ஊதா கலர் திட்டு திட்டா, மை தெளிச்ச மாதிரி இருந்தா அங்கயே நிறுத்திடுங்க. அது ஹெம்லாக்கா இருக்கலாம், கி.மு. 399ல சாக்ரடீஸுக்கு கொடுத்தாங்கன்னு சொல்ற அதே விஷச்செடி. ஹெம்லாக் பூ வெள்ளைதான், ஆனா பூக்காத செடியில அது உங்களுக்கு தெரியாதே. சோம்பு முளைக்கற அதே மாதிரி இடத்துலதான் அதுவும் முளைக்குது, சில சமயம் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கும்.

அப்புறம் இந்த அஞ்சையும் போட்டோ எடுங்க: தரையோட ஒட்டின அடி இலை, தண்டு நடுவுல ஒரு கணு, குடைய தலைகீழா திருப்பி அடிப்பக்கம், காய் இருந்தா அதுல நாலஞ்ச உள்ளங்கையில வெச்சு கிட்டக்க, கடைசியா மொத்த செடி, பக்கத்துல ஒரு ஆள் நிக்கற மாதிரி. இதுல குடையோட அடிப்பக்கம்தான் ரொம்ப முக்கியம், அதத்தான் யாருமே எடுக்கறது இல்ல.

## அறிகுறி: பூ மஞ்சள்தான், ஆனா இது குடையான்னே சந்தேகமா இருக்கு

பூக்கொத்த திருப்பி பாருங்க. குடைச்செடின்னா எல்லா காம்பும் ஒரே புள்ளியிலேருந்து கிளம்பும், குடைக்கம்பி மாதிரியே. ஒவ்வொரு காம்பு நுனியிலயும் திரும்ப ஒரு குட்டி குடை இருக்கும். காம்புங்க வேற வேற உயரத்துல பிரிஞ்சு மேல வந்து மட்டும் தட்டையா சமமாகுதுன்னா அது குடை இல்ல. டான்சி, ராக்வார்ட் ரெண்டும் அப்படித்தான் ஏமாத்தும். டான்சி பூ சட்டை பட்டன் மாதிரி உருண்டையா கெட்டியா இருக்கும், ராக்வார்ட்ல குட்டி சாமந்தி மாதிரி இதழ் வெளிய நீட்டிட்டு இருக்கும். கடுகு வகைன்னா நாலு இதழ் சிலுவை மாதிரி. குடைச்செடி பூவுல அஞ்சு இதழ், அதுவும் மஞ்சப்பூ செடிங்கள்ல இதழ் நுனி உள்பக்கமா சுருண்டுக்கும், அதனால கிட்டக்க பார்த்தா பூ குட்டி மஞ்சள் மணி மாதிரி தெரியும்.

குடை மாதிரியேதான் இருக்குன்னா ஒரு இலைய கிள்ளுங்க. வெள்ளையா பால் வந்தா அது யூஃபோர்பியா, கள்ளி குடும்பம். அந்த பால் கண்ணுல பட்டா பெரிய தொந்தரவு, கைய கழுவாம கண்ணு கிட்ட கொண்டு போகாதீங்க.

## அறிகுறி: இலை நூல் நூலா, முடி மாதிரி இருக்கு

எனக்கு வர்ற கேள்வியில அதிகம் இதுதான், அதனால இங்க கொஞ்சம் பொறுமையா போறேன்.

தண்டுல ஊதா திட்டு இல்லன்னு பார்த்துட்டீங்க இல்லையா, இப்ப ஒரு இலை நுனிய ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு நல்லா கசக்கி மூக்கு கிட்ட கொண்டு போங்க.

### சோம்பு வாசனை அடிக்குது

அனேகமா சோம்புதான். ஆனா வாசனையோட நிறுத்தாதீங்க, கைபட்ட வாசனை ஒட்டிக்கும், பக்கத்துல சோம்பு செடி இருந்து அத தொட்டுட்டு இத தொட்டாலும் அதே வாசனைதான் வரும். இன்னும் மூனு விஷயம் பாருங்க.

தண்டு வழவழன்னு நீலம் கலந்த பச்சையில இருக்கும், விரலால தேய்ச்சா மேல இருக்கற வெள்ளப்பூச்சு அழிஞ்சு கீழ நல்ல பச்சை தெரியும், திராட்சை மேல இருக்கற மாவு மாதிரி. குடைக்கு அடியில, காம்புங்க பிரியற இடத்துல, குட்டி இலை மாதிரி எதுவும் இருக்காது. அந்த குட்டி இலைகள நான் இனிமே செதில்னு சொல்றேன். சோம்புக்கு பெரிய குடைக்கு கீழயும் செதில் கிடையாது, குட்டி குடைக்கு கீழயும் கிடையாது, சுத்தமா மொட்டை. மூனாவது, செடி பல வருஷம் நிக்கற வகை, அடியில போன வருஷத்து காஞ்ச குச்சி இன்னும் நின்னுட்டு இருக்கும், புதுசா நாலஞ்சு தண்டு ஒரே அடியிலேருந்து கிளம்பியிருக்கும். உயரம் 2 மீட்டர் தாண்டும்.

இலை பச்சையா இல்லாம செம்பு கலர்ல, புகை மாதிரி இருக்கேன்னு கேப்பாங்க. அது அழகுக்கு வளர்க்கற பிரான்ஸ் ஃபெனல், சோம்புலயே ஒரு ரகம், அதுவும் தப்பிச்சு வெளிய வரும். இன்னொரு கேள்வி, "கடையில வாங்கற ஃபெனல்ல அடியில வெங்காயம் மாதிரி வெள்ளையா குமிழ் இருக்குமே, இதுல இல்லையே, அப்ப இது சோம்பு இல்லையா?" அந்த குமிழ் ஃபுளாரன்ஸ் ஃபெனல்னு ஒரு ரகத்துக்கு மட்டும்தான், அது கிழங்கும் இல்ல, இலையோட அடிப்பகுதி தடிச்சு ஒன்னுமேல ஒன்னு மூடியிருக்கறது. காட்டுல தானா முளைக்கற சோம்புல குமிழ எதிர்பார்க்காதீங்க.

### வாசனை இருக்கு, ஆனா இனிப்பா இல்ல

கொஞ்சம் காரமா, புல் வாசம் கலந்து இருந்தா சதகுப்பை. நாட்டு மருந்து கடையில விதையா விக்கறாங்களே, அதேதான். இதுக்கும் செதில் கிடையாது, இலையும் நூல்தான், போட்டோவுல சோம்பையும் இதையும் பிரிக்கறது ரொம்ப கஷ்டம், நானே ஒரு தடவ ஒருத்தருக்கு போட்டோ பார்த்து சோம்புன்னு அடிச்சு சொல்லிட்டேன், ரெண்டு மாசம் கழிச்சு அவரே காய் போட்டோ அனுப்பினாரு, பார்த்தா தட்டையா இருக்கு, சதகுப்பை. அதுலேருந்து காய் பார்க்காம இந்த ரெண்டுல எதையும் உறுதியா சொல்றது இல்ல.

காயில சந்தேகத்துக்கு இடமே இல்ல. சோம்பு காய் நீளமா, பருத்து, மேல வரி வரியா மேடு இருக்கும், விரல்ல உருட்டினா உருளும். சதகுப்பை காய் தட்டை, ஓரம் சுத்தி வெளிர் கலர்ல மெல்லிசா ஒரு விளிம்பு ஓடும், உருட்டினா உருளாம வழுக்கும். நகத்து மேல ஒன்ன வெச்சு வெளிச்சத்துல திருப்பி பாருங்க, அந்த வெளிர் விளிம்பு ஒரு கோடு மாதிரி பளிச்சுன்னு தெரியும்.

காய் வர்றதுக்கு முன்னாடியே தெரியணும்னா இலைக்காம்போட அடிய பாருங்க. தண்ட சுத்தி அது ஒரு உறை மாதிரி அணைச்சுட்டு இருக்கும். சதகுப்பையில அந்த உறை குட்டை, 2 சென்டிமீட்டர் கிட்ட. சோம்புல நீளம், 3 சென்டிமீட்டருக்கு மேலயே இருக்கும். தண்ட குறுக்க வெட்டினா சதகுப்பை உள்ள காலி, சோம்பு பிஞ்சுல சதையா நிறைஞ்சு இருக்கும், வயசானா கொஞ்சம் குழி விழும். அடுத்து சதகுப்பை ஒரு வருஷ செடி, பெரும்பாலும் ஒத்த தண்டா நிக்கும், புடுங்கினா லேசா வந்துடும். சோம்ப புடுங்கி பாருங்க, வேர் ஆழமா போயிருக்கும், இடுப்புதான் வலிக்கும்.

### வாசனையே இல்ல, ஆனா செடி ராட்சசத்தனமா இருக்கு

தண்டு மணிக்கட்டு பருமன், இலைக்காம்பு உறை பெரிய சுரைக்குடுக்கை மாதிரி உப்பி இருக்கு, 2, 3 மீட்டர் உயரம், கசக்கினா சோம்பு வாசனை இல்லன்னா ஜயன்ட் ஃபெனல். பேர்ல ஃபெனல் இருந்தாலும் இது சோம்பு இல்ல, பெருங்காயம் எடுக்கற செடியோட பேரினம், ஃபெருலா. காயும் பெருசு, தட்டையா ஒன்றரை சென்டிமீட்டர் வரைக்கும் இருக்கும், சோம்பு காய் அத விட ரொம்ப சின்னது. இத சாப்பிடக்கூடாது. இதுல சில வகைகள மேய்ஞ்ச ஆடு மாடு ரத்தம் உறையாம உள்ளுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சு செத்துப்போயிருக்கு. மத்தியதரைக்கடல் பக்கத்து செடி, பூ அவ்வளவு அழகு, அதனாலதான் தோட்டத்துல வைக்கறாங்க. கிரேக்கக் கதையில ப்ரோமிதியஸ் தீய திருடி ஒளிச்சு வெச்சு கொண்டு வந்தது இந்த தண்டுக்குள்ளதான், உள்ள இருக்கற பஞ்சு மெதுவா கனிஞ்சுட்டே இருக்கும், வெளிய தெரியாது.

### வாசனை மட்டமா, எலி வாடை மாதிரி

கைய கழுவுங்க. தண்ட திரும்ப பாருங்க, ஊதா திட்டு அடியில மட்டும் இருந்திருக்கலாம், புல் மறைச்சிருக்கும். ஹெம்லாக் இலை நூல் நூலா இருக்காது, ஃபெர்ன் இலை மாதிரி தட்டையா, முக்கோணமா, பொடிசா வெட்டின மாதிரி இருக்கும். ஆனா தூரத்துலேருந்து, அதுவும் போட்டோவுல, ரெண்டும் ஒன்னுன்னு நினைக்க வாய்ப்பு நிறைய.

## அறிகுறி: இலை அகலம், ஓரத்துல பல்லு பல்லா

இங்க கசக்கி மோந்து பார்க்காதீங்க, உறை போட்ட கையாலன்னாலும் வெயில்ல நின்னுட்டு செய்யாதீங்க. முதல்ல கண்ணாலயே முடிக்க பாருங்க.

ஒரே நடுக்காம்பு, ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா சின்ன இலை, நுனியில ஒன்னு. தண்டு உருண்டையா இல்லாம வரி வரியா பள்ளம் விழுந்து கோணலா இருக்கு, குடைக்கு கீழ செதில் இல்ல, இருந்தாலும் ஒன்னு ரெண்டுதான். இது பார்ஸ்னிப். கிழங்குக்காக தோட்டத்துல போடற அதே இனம்தான் வெளிய வந்து காட்டு பார்ஸ்னிப் ஆகுது. ரெண்டு வருஷ செடி, முதல் வருஷம் தரையோட இலை மட்டும், ரெண்டாவது வருஷம் ஒன்றரை மீட்டருக்கு தண்டு போட்டு பூத்து காய்ச்சு செத்துடும். தோல வேக வைக்கறது இதுதான். சில சமயம் பூங்குடை சுருண்டு வெள்ளை நூல் கட்டின மாதிரி இருக்கும், பிரிச்சா உள்ள ஒரு புழு. பார்ஸ்னிப் வெப்வார்ம்னு பேரு, பார்ஸ்னிப்பும் அதோட நெருங்கின சொந்தக்கார செடிகளும்தான் அதுக்கு சாப்பாடு, ஆக புழுவே உங்களுக்கு ஒரு துப்பு.

இலை பளபளன்னு இருக்கு, பலமுறை பிரிஞ்சு இருக்கு, பல்லு நுனிப்பக்கம் மட்டும். குடைய திருப்புங்க. பெரிய குடைக்கு கீழ செதில் நிறைய, குட்டி குடைக்கு கீழயும் நிறைய, எல்லாம் கீழ்நோக்கி மடங்கி இருக்கா? லோவேஜ். மஞ்சப்பூவுல இவ்வளவு செதில் இருக்கற தோட்டத்து செடி வேற பெருசா கிடையாது. பக்கத்துல நின்னாலே செலரி வாசனை வரும். பல வருஷம் நிக்கும், 2 மீட்டர் போகும்.

இலை மூனு மூனா பிரிஞ்சு பளபளப்பா, பூ மஞ்சள விட பச்சை கூடுதல், மத்ததெல்லாம் இன்னும் முளைச்சுட்டு இருக்கும்போதே இது பூத்துடுச்சு. அலெக்சாண்டர்ஸ். கடலோரம், பழைய சுவர் ஓரம், பழைய மடாலயங்கள் இருந்த இடம் இங்கெல்லாம் கூட்டமா நிக்கும், ஒரு காலத்துல ஐரோப்பாவுல கீரையா வளர்த்தாங்க, அப்புறம் செலரி வந்து இதோட இடத்த பிடிச்சுடுச்சு. காய் பழுத்தா கருகருன்னு ஆயிடும், மிளகு மாதிரி உருண்டையா. இந்த கறுப்பு காய் இருந்தா வேற யோசிக்கவே வேணாம்.

வட அமெரிக்காவுல இருக்கறவங்களுக்கு மட்டும் இன்னொன்னு. கோல்டன் அலெக்சாண்டர்ஸ்னு அங்கயே பிறந்த செடி ஒன்னு இருக்கு, ஸிஸியா. பேர் ஒத்துப்போனாலும் மேல சொன்ன அலெக்சாண்டர்ஸ் வேற, இது வேற. தப்பிச்சு வந்த செடி இல்ல, தயவுசெஞ்சு பார்ஸ்னிப்னு நினைச்சு வெட்டிடாதீங்க. இடுப்பு உயரம்தான் வரும், பார்ஸ்னிப்புக்கு முன்னாடியே பூக்கும், குட்டி குடையில நடு பூவுக்கு மட்டும் காம்பு இருக்காது, அது நேரா உக்காந்திருக்கும். லென்ஸ் வெச்சு பார்த்தா தெளிவா தெரியும்.

## அறிகுறி: இலைக்கு நடுவுல ஓட்ட போட்டு தண்டு வெளிய வந்த மாதிரி இருக்கு

ரெண்டே ரெண்டு வாய்ப்பு. இலை முழுசா, ஓரத்துல பல்லே இல்லாம, நீலப்பச்சையா இருந்தா பூப்ளூரம். பூக்கடையில கொத்துக்கு நடுவுல பச்சையா நிரப்பறதுக்கு வெப்பாங்களே, அந்த வகை. குட்டி குடைக்கு கீழ அகலமா மஞ்சள் பச்சையில செதில் இருக்கும், நிறைய பேர் அதையே பூ இதழ்னு நினைச்சுடுவாங்க. பறவைக்கு போடற தீனி வழியாவும் இதுல ஒரு இனம் தோட்டத்துக்கு வருது, அதோட காய்ல குட்டி குட்டியா மொட்டு மொட்டா இருக்கும், குடைக்காம்பும் ரெண்டோ மூனோதான். வழவழ காய், நாலுக்கு மேல காம்புன்னா வழக்கமான பூப்ளூரம்.

மேல் இலை மட்டும் தண்ட அணைச்சுட்டு, பூவோட சேர்ந்து அதுவும் மஞ்சளா மாறி, கீழ் இலை பிரிஞ்சு பிரிஞ்சு வேற மாதிரி இருந்தா அலெக்சாண்டர்ஸோட தங்கச்சி இனம். அழகுக்கு நடுவாங்க, சீக்கிரம் பரவும்.

## அறிகுறி: கொத்தமல்லி மாதிரி இலை, முழங்கால் இடுப்பு உயரம், பூ மங்கலான மஞ்சள்

முதல் சந்தேகம் பார்ஸ்லி. தொட்டியில வெச்சு ரெண்டாவது வருஷம் வெட்டாம விட்டா பூத்துடும், பூத்தா முகமே மாறிடும், வளர்த்தவங்களுக்கே அடையாளம் தெரியாது. கசக்கினா பார்ஸ்லி வாசனை வரணும். வரலன்னா, பூ வெள்ளையா இருந்தா, குட்டி குடைக்கு கீழ நீளமா மூனு செதில் ஒரே பக்கமா தாடி மாதிரி தொங்கினா அது ஃபூல்ஸ் பார்ஸ்லி, விஷம். பார்ஸ்லி பாத்திக்குள்ளயே களையா முளைக்கற செடி அது, அதனாலதான் இத சொல்றேன்.

## அறிகுறி: பூவே இல்ல, இலை மட்டும்தான்

காத்திருங்க. வேற பதில் இல்ல. நூல் இலையும் சோம்பு வாசனையும் தெளிவா இருந்தா பேர் வேணா குறிச்சு வெச்சுக்கலாம், மத்த எதையும் இலைய மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. முக்கியமா, பார்ஸ்னிப் மாதிரி இருக்கேன்னு கிழங்க தோண்டி எடுத்து வீட்டுக்கு கொண்டு போகாதீங்க. வாய்க்கால் ஓரம், ஈரமான இடத்துல நிக்கற வாட்டர் ட்ராப்வார்ட்னு ஒரு செடிக்கு கொத்தா பார்ஸ்னிப் மாதிரியே வெளிர் கிழங்கு இருக்கும், பூ வெள்ளை, அந்த கிழங்கு உயிர எடுக்கும், ஆட்களும் மாடுகளும் செத்திருக்காங்க. பூ மஞ்சளா வெள்ளையான்னு தெரியற வரைக்கும் கிழங்குல கை வைக்காதீங்க.

ஒரு குச்சிய நட்டு கலர் துணி கட்டி வெச்சுட்டு வாங்க, பூத்ததும் திரும்ப போங்க.

## அறிகுறி: பூ முடிஞ்சு காஞ்ச குச்சி மட்டும் நிக்குது

எல்லாரும் போச்சேன்னு விட்டுடறாங்க, உண்மையில கண்டுபிடிக்க இதுதான் ரொம்ப நல்ல நேரம். இந்த குடும்பத்த பிரிக்கறதே காய வெச்சுதான். ஒரு காகிதத்த குடைக்கு கீழ பிடிச்சு தட்டுங்க, விழறத பாருங்க.

உருண்டு நீண்டு வரி மேடா இருந்தா சோம்பு. தட்டையா சின்னதா வெளிர் விளிம்போட இருந்தா சதகுப்பை. தட்டையா, கிட்டத்தட்ட வட்டமா, மெழுகுதாள் மாதிரி மெல்லிசா, முதுகுல பழுப்பு கோடு நாலு மேலேருந்து கீழ இறங்கினா பார்ஸ்னிப், அந்த கோடு எண்ணெய் இருக்கற குழாய், வெறும் கண்ணுக்கே தெரியும். கறுப்புன்னா அலெக்சாண்டர்ஸ். ரொம்ப பொடிசு, 3 மில்லிமீட்டர் கூட இல்ல, முட்டை வடிவம்னா பார்ஸ்லி. பெரிய தட்டை காய் ஜயன்ட் ஃபெனல். லோவேஜ்ல வரிமேடே இறக்கை மாதிரி நீட்டிட்டு இருக்கும்.

10 மடங்கு லென்ஸ் ஒன்னு வாங்கி பையில போட்டு வெச்சுக்கோங்க, நான் வாங்கின பொருள்லயே ரொம்ப உழைச்சது அதுதான்.

## அறிகுறி: செடிய வெட்டின அடுத்த நாள் கையில சிவப்பு, கொப்புளம்

எனக்கு நடந்தது. முழங்கைக்கு கீழ, வெட்டின தண்டுங்கள அணைச்சு தூக்கிட்டு போன இடத்துல, தண்டு பட்ட அகலத்துக்கு கோடு கோடா சிவந்துச்சு, அன்னைக்கு ஒன்னுமே தெரியல, மறுநாள் சாயந்திரம்தான் எரிய ஆரம்பிச்சது, அதுக்கு அடுத்த நாள் நீர் கோத்துக்கிச்சு. ஒவ்வாமைன்னு நினைச்சு மாத்திரை போட்டேன், ஒன்னும் கேக்கல. அது ஒவ்வாமை இல்ல. பார்ஸ்னிப் சாறுல ஃபுரானோகூமரின்னு ஒரு பொருள் இருக்கு, தோல்ல அது இருக்கும்போது வெயில் பட்டா அந்த இடம் வெந்துடும், யாருக்கு வேணா நடக்கும். கொப்புளம் ஆறினதுக்கு அப்புறமும் பழுப்பு கோடு பல மாசம் இருந்துச்சு.

என்ன பண்ணனும்:

சாறு பட்டது அப்பவே தெரிஞ்சா உடனே நிழலுக்கு போய் சோப்பு தண்ணியில நல்லா கழுவிட்டு, அந்த இடத்த ரெண்டு நாள் துணியால மூடி வெயில் படாம வெச்சுக்கோங்க. வெயில் படலன்னா பெரும்பாலும் ஒன்னும் ஆகாது. சன்ஸ்க்ரீன் தடவிட்டா போதும்னு இருக்காதீங்க. கொப்புளம் வந்துடுச்சுன்னா உடைக்காதீங்க, ஈரத்துணி வெச்சு குளிர்ச்சியா வைங்க. முகம், கண்ணு, கொப்புளம் பெருசு, சீழ், காய்ச்சல், சின்ன குழந்தை, இதுல எது இருந்தாலும் டாக்டர்கிட்ட போங்க, போகும்போது செடி போட்டோவையும் காட்டுங்க, இல்லன்னா அவங்களும் ஒவ்வாமைன்னுதான் நினைப்பாங்க.

நூல் கயிறு சுத்தற புல்வெட்டி மெஷின பார்ஸ்னிப் மேல ஓட்டவே ஓட்டாதீங்க. சாறு தூறல் மாதிரி தெறிச்சு முகமெல்லாம் படும். சாயந்திரம், மேகமூட்டமான நாள், மண்வெட்டியால மண்ணுக்கு கீழ ரெண்டு விரல் அளவு வேர அறுத்து விட்டா போதும்.

## அறிகுறி: வெட்ட வெட்ட திரும்ப வருது

இதுவே ஒரு துப்புதான். வருஷா வருஷம் வெட்டின அதே அடியிலேருந்து புதுசா தழைச்சு வந்தா பல வருஷ செடி, அனேகமா சோம்பா இருக்கும், இல்லன்னா லோவேஜா இருக்கும். அடி செத்துப்போய் பக்கத்துல புதுசா நாத்து வந்தா பார்ஸ்னிப், சதகுப்பை மாதிரி பூத்ததும் சாகற வகை, விதை ஏற்கனவே மண்ணுல விழுந்திருக்கு.

முதல் வேலை, காய் முத்தறதுக்கு முன்னாடி குடைகள வெட்டி பையில போடறது, கம்போஸ்ட்ல போடாதீங்க. அதுக்கப்புறம் மழை பெஞ்சு மண்ணு இளகின நாளா பார்த்து சோம்போட அடிக்கட்டைய வேரோட தோண்டி எடுக்கறது, மேல மட்டும் வெட்டினா திரும்ப வரும். அதுக்கப்புறம் நாலஞ்சு வருஷம் நாத்து பார்த்து பார்த்து புடுங்கறது. இந்த கடைசி வேலையிலதான் எல்லாரும் சோர்ந்து விட்டுடறாங்க.

தோண்டறதுக்கு முன்னாடி இலைய ஒரு தடவ பாருங்க. பச்சையும் கறுப்பு பட்டையும் உள்ள புழு இருந்தா அது பின் இறக்கை வால் மாதிரி நீண்டிருக்கற ஸ்வாலோடெயில் பட்டாம்பூச்சியோட புழு, சோம்பு, சதகுப்பை ரெண்டையும் சாப்பிடும். அது கூட்டுப்புழு ஆகற வரைக்கும் ரெண்டு வாரம் அந்த ஒரு செடிய விட்டு வெச்சா ஒன்னும் குறைஞ்சு போயிடாது, குடைய மட்டும் வெட்டிடுங்க.

ஒன்னு ரெண்டு செடிதானேன்னு விடறதுல ஆபத்து இருக்கு. கலிஃபோர்னியா கிட்ட சாண்டா க்ரூஸ் தீவுல 1980கள்ல ஆடு மாடுகள அப்புறப்படுத்தினாங்க, அதுவரைக்கும் மேய்ச்சல்ல அடங்கி இருந்த சோம்பு அதுக்கப்புறம் தீவுல காடு மாதிரி பரவிடுச்சு.

## எப்ப விவரம் தெரிஞ்ச ஆள கூப்பிடணும்

யாராவது சாப்பிட்டுட்டாங்க, என்ன செடின்னு உறுதியா தெரியாதுன்னா, வாய் எரியுதா வாந்தி வருதான்னு பார்த்துட்டு உக்காராதீங்க, உடனே ஆஸ்பத்திரி அவசர பிரிவு. மிச்ச செடிய வேர், இலை எல்லாத்தோடயும் பையில போட்டு கையோட எடுத்துட்டு போங்க. ஹெம்லாக் விஷத்துக்கு மாத்து மருந்து கிடையாது, மூச்சு நிக்காம பார்த்துக்கறதுதான் சிகிச்சை, அதனால நேரம்தான் எல்லாம்.

அவசரம் இல்லாத கேஸ்ல, போட்டோ பார்த்து செடி பேர் சொல்ற போன் ஆப்ப முதல்ல பாருங்க, ஆனா ஆப் சொல்ற பேர விடையா எடுத்துக்காதீங்க, அந்த பேர வெச்சு மேல இருக்கற செதில், காய் எல்லாம் ஒத்துப்போகுதான்னு சரி பாருங்க. சாப்பிடலாமான்னு ஆப்ப கேக்கவே கேக்காதீங்க. அடுத்தது அந்த அஞ்சு போட்டோவ தாவரவியல் துறை இருக்கற கல்லூரியிலயோ தாவரவியல் பூங்காவுலயோ காட்டுங்க, நல்ல போட்டோவா இருந்தா பெரும்பாலும் காசு வாங்காமலே சொல்லிடுவாங்க. செடி 20, 30ன்னு கூட்டமா பரவியிருந்தா களைச்செடி பார்க்கற அரசு அலுவலகத்துக்கு சொல்லுங்க, சில இடத்துல இது சட்டப்படியே களை, ஆஸ்திரேலியாவோட விக்டோரியாவுல சோம்பு அப்படித்தான், கனடாவோட ஒன்டாரியோவுல காட்டு பார்ஸ்னிப் அப்படித்தான். டிஎன்ஏ பரிசோதனை வரைக்கும் போற நிலைமை ரொம்ப அபூர்வம், காய் கிடைக்காத, பூவும் இல்லாத, ஆனா கண்டிப்பா தெரிஞ்சே ஆகணும்ங்கற கேஸ்க்கு மட்டும்.

ஹெர்பேரியத்துக்கு, அதாவது காய வெச்ச செடிகள சேர்த்து வெக்கற இடத்துக்கு, மாதிரி அனுப்பறீங்கன்னா அடி இலை ஒன்னு, நடுத்தண்டு இலையோட ஒரு துண்டு, பூங்குடை ரெண்டு, அதுல ஒன்ன தலைகீழா, முத்தின காய் கொஞ்சம் காகித உறையில போட்டு, எல்லாத்தையும் நியூஸ்பேப்பர் நடுவுல வெச்சு மேல கனமா புத்தகம் ஏத்தி வைங்க, பேப்பர முதல் வாரம் தினமும் மாத்துங்க, இல்லன்னா பூஞ்சை பிடிச்சு கறுத்துடும். இடம், தேதி, செடி உயரம், பூ கலர் நாலையும் அன்னைக்கே எழுதி உள்ள வெச்சுடுங்க. கலர கண்டிப்பா எழுதுங்க, காஞ்சதுக்கப்புறம் மஞ்சளும் வெள்ளையும் ஒரே பழுப்பாயிடும்.